உட்காருவதற்கு எதிராக ஒரு மனு

நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த வர்த்தக சபையிலிருந்து போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் துணைச் செயலாளர். அரசுக்கு அனுப்பும் கோரிக்கை மனுக்களை இப்போது கணினியே எழுதிவிடுகிறதாம். எந்தத் துறைக்கு, என்ன வேண்டும் என்று தட்டினால் போதும், நாலு பக்கம் கொட்டுகிறதாம். இதையெல்லாம் நீங்கள் கையாலா எழுதினீர்கள் என்று, ஆட்டுக்கல்லைப் பார்த்து வியப்பதுபோல் வியந்தாள். சபையின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித்தர வேண்டும், மூன்று பக்கம், நல்ல செய்தியோடு முடிய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். மூன்று பக்கம் எனக்குச் சிரமமில்லை. நல்ல செய்திக்கு உத்தரவாதம் கிடையாது.

வர்த்தக சபை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும் ஒன்றுகூடி, அரசாங்கம் எது செய்தாலும் முதலில் பாராட்டிவிட்டு, பிறகு அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்காக நடத்தும் அலுவலகம் அது. எங்களுடையது நந்தனத்தில், அண்ணா சாலையைப் பார்த்த கட்டடத்தின் இரண்டாம் மாடி. நான் அங்கே சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்தேன். ஸ்டென்சில் தாளில் பிழை விழுந்தால் சிவப்புத் திரவம் பூசி ஊதிக் காயவைக்கக் கற்றேன். யாருக்கு 'மாண்புமிகு', யாருக்கு வெறும் 'உயர்திரு' என்று கற்றேன். மூன்றாம் வருடம் என்னை மனு எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும்.

எனக்கு மேலே வரதராஜன் சார். நான் சேர்ந்தபோது உதவிச் செயலாளர். நான் ஓய்வு பெற்றபோது தலைமைச் செயலாளர். தொழிலாளர்களை வேலைக்கு வைப்பதிலும் அனுப்புவதிலும் முதலாளிகளுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று ஆண்டுதோறும் மனு அனுப்பியவர், தன் ஓய்வு வயதைத் தாண்டிப் பலமுறை பணி நீட்டிப்பு பெற்றவர். மயிலாப்பூரிலிருந்து சரியாக ஒன்பதே முக்காலுக்கு வருவார். மேசையில் சீவி வைத்த மூன்று பென்சில்கள் இருக்கும். பேனாவால் அவர் யாருடைய எழுத்தையும் திருத்தியதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. மனுவைக் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். அதிகாரிகள் அப்படித்தான் படிப்பார்கள் என்பது அவர் கட்சி. ஒரு வாக்கியம் பிடிக்காவிட்டால் அதைச் சுற்றி மெல்லிய வட்டம் போடுவார். "இது பேசறது, ரேவதி. மனு பேசப்படாது. தெரிவிக்கணும்" என்பார். நானும் பேசாமல் தெரிவிக்கப் பழகினேன்.

அவர் வகுத்த மனுவுக்கு ஆறு பத்தி. முதல் பத்தியில் வரவேற்கிறோம். இரண்டாவதில் அமைச்சரின் தொலைநோக்கைப் பாராட்டுகிறோம். மூன்றாவது பத்தி 'எனினும்' என்று தொடங்கும். நான்காவதில் லட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வாதாரம் வரும். அந்தக் குடும்பங்களை மனுவுக்கு வெளியே நாங்கள் யாரும் சந்தித்ததில்லை. ஐந்தாவதில் படிப்படியாக நடைமுறைப்படுத்தக் கேட்போம். ஆறாவதில் ஒரு குழு அமைக்கக் கேட்போம். குழு அமைந்துவிட்டால் எங்களுக்கு வெற்றி. அதற்குப் பிறகு அந்த விஷயம் யாருக்கும் நினைவிருக்காது.

பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் உறுப்பினர்கள் கூட்டம். உரிமம் வேண்டாம், கட்டுப்பாடு வேண்டாம், அரசு வியாபாரத்தை விட்டு விலகி நிற்கட்டும் என்று ஒருவர் மேசையைத் தட்டிப் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் பூட்டு செய்கிறவர். மதியம் சாப்பிட்டுவிட்டு அதே மனிதர் என் மேசைக்கு வந்து, வெளிநாட்டுப் பூட்டுகள் உள்ளே வராதபடி இறக்குமதி வரியை உயர்த்தச் சொல்லி ஒரு மனு வேண்டும் என்றார். இரண்டையும் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். இரண்டிலும் கையெழுத்து ஒரே தலைவருடையது, ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே சார் என்றேன். வரதராஜன் சார் இரண்டையும் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கவர்லயா போறது?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். "அப்போ முரண் எங்கேர்ந்து வந்தது?" என்று சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார். நான் பொருளாதாரம் படித்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

பிறகு, நாடு முழுவதற்கும் ஒரே வரி வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டால் கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான் கேட்டோம். ஒருநாள் கொடுத்துவிட்டார்கள். அன்று எங்கள் அலுவலகத்தில் நிலவிய அதிர்ச்சியை நான் வேறெந்த நாளிலும் பார்த்ததில்லை. மறுவாரமே, வரவேற்கும் அதே வேளையில், அதைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொல்லி எழுதினேன்.

இப்படி எத்தனையோ. எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. கெடுத்தது ஒரு நாற்காலி விஷயம்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சட்டத்தில் ஒரு திருத்தம் வரப்போவதாகச் சில ஆண்டுகளுக்கு முன் பேச்சு அடிபட்டது. தி. நகர் ஜவுளிக்கடைக்குள் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மாடிக்கு மாடி வரிசையாகப் பெண்கள், காலை கடை திறந்ததிலிருந்து ராத்திரி மூடும்வரை நின்றபடி. இந்தத் திருத்தத்தால் தங்களுக்கு ஆபத்து என்று எங்கள் சில்லறை வணிகக் குழு முடிவு செய்தது. குழுத் தலைவர் ஆறுமுக நயினார் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். தி. நகரில் நாலு மாடி ஜவுளிக்கடை.

அண்ணாச்சியைக் கெட்ட மனிதர் என்று எழுத என்னால் முடியாது. பண்டிகைக்கு எல்லாருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார், ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே போய் நிற்பார். நிற்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "நானும் சின்ன வயசுலேருந்து நின்னுதான மேடம் இந்தக் கடைய வச்சேன். விக்கிறவ உக்காந்திருந்தா வாங்க வாரவ அடுத்த கடைக்குல்லா போவா?" என்றார். அதை மனு மொழியில் எழுதுவது என் வேலை. வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை, இட நெருக்கடி, தீ விபத்து நேர்ந்தால் நாற்காலிகள் வழியை மறிக்கும் அபாயம் என்று எழுதினேன். தீ விபத்து என் சொந்தச் சரக்கு. வரதராஜன் சார் அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டார். அவர் டிக் போட்டு நான் பார்த்தது அதுதான் நாலாவது முறை.

மனு தயாரான பிறகு, கள ஆய்வு ஒன்றும் இணைத்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. முடிவு கையில் இருந்தால்தானே போய் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும்! என்னை அண்ணாச்சி கடைக்கு ஒருநாள் அனுப்பினார்.

மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு. விருந்தாளி என்று எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கள ஆய்வு என்று பெயர் வைத்துவிட்டோமே என்று, உட்காராமல் அந்தப் பெண்களோடு நானும் நின்றேன். என் பக்கத்தில் நின்றவள் குமாரி. சைதாப்பேட்டை. நாற்பதைத் தாண்டியவள். அவள் புடவை காட்டுவதைப் பார்க்க வேண்டும். வருகிற பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்ப்பாள். அடுக்கில் எதையோ உருவுவாள். ஒரே வீச்சில் முந்தானை விரிந்து அந்தப் பெண்ணின் தோள்மேல் விழும். "இத்த விட்டுட்டுப் போனீங்கன்னா வூட்டுக்குப் போய் அழுவீங்க" என்பாள். அவர்கள் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

கூட்டம் குறைந்த நேரங்களில் கேட்டேன், சொன்னாள். சரக்கு எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் போய் முறைவைத்துக் குந்திக்கொள்வார்களாம். இப்போது அங்கேயும் கேமரா வந்துவிட்டதாம். தண்ணீர் குடிப்பதில்லையாம்; கழிவறை மொட்டை மாடியில், ஏறி இறங்குவதற்குள் பேர் கூப்பிட்டுவிடுவார்களாம். கால் வலிக்காதா என்று கேட்டேன்.

"பயகிடுச்சு மேடம்" என்றாள்.

மூன்று மணி ஆகியும் எனக்குப் பழகவில்லை. முழங்காலுக்குக் கீழே இருப்பது என் காலே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சுகத்தில் கண் மூடித் திறந்தால், எதிரே குமாரி நிற்கிறாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நான் எழுந்து அவளை உட்காரச் சொன்னேன். வேண்டாம், கேமரா இருக்கிறது என்றாள். நான் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். மேற்பார்வையாளர் மாடிப்படி ஏறி வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். குமாரி எழுந்துகொண்டாள். அவர் மறுபடி இறங்கிப் போய்விட்டார்.

நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கால் வலியில் நேரே போய்த் திருவான்மியூர் பஸ்ஸைப் பிடித்தேன், வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்தேன், மறந்துபோனேன்.

அடுத்த வாரம் ஏதோ ஒரு விவரம் சரிபார்க்க மறுபடி போனபோது, பட்டுப் பிரிவில் வேறொரு பெண் நின்றாள். குமாரி அக்காவைக் கீழே குடோனுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். இறங்கிப் போனேன். ஜன்னல் இல்லாத அடித்தளம். மூட்டை பிரித்து, புடவைகளில் விலைச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சியிடம் நான் சொல்லாமல் விட்டது என் தப்பு என்றேன்.

"உன் மேல கோவம் இல்ல மேடம்" என்றாள். அன்றுதான் முதல்முறையாக என்னிடம் ஒருமையில் பேசினாள். "இங்க கேமரா கூட இல்ல, குந்திக்கினே வேல பாக்கலாம். ஆனா எனுக்குப் பொடவ காட்டத்தான் புடிக்கும். இங்க யாருக்குக் காட்டறது, செவுத்துக்கா?"

அலுவலகம் திரும்பி அறிக்கையில் குமாரியைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். வரதராஜன் சார் வாக்கியத்துக்கு வட்டம் போடுவார் என்று சொன்னேன் இல்லையா? இந்தமுறை பத்தி முழுவதையும் சுற்றி வட்டம் போட்டார். "ரொம்பப் பேசறது" என்றார். பக்கத்தில் பென்சிலால் ஒரே வாக்கியம் எழுதித் தந்தார்: 'ஊழியர்கள் தற்போதைய ஏற்பாட்டுக்குப் பழகியிருப்பது கள ஆய்வில் தெரியவந்தது.' பொய் என்று ஒரு எழுத்தைக்கூடக் காட்ட முடியாது. குமாரியின் வாயிலிருந்து வந்த சொல்தான். அதை நானே சுத்தமாகத் தட்டச்சு செய்து, மூன்று பிரதி எடுத்து இணைத்தேன். எடுத்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வியாபாரிகளின் கருத்தைக் கேட்க அதிகாரிகள் ஒரு கூட்டம் கூட்டினார்கள். நீள மேசையில் ஒருபுறம் அவர்கள், மறுபுறம் அண்ணாச்சியும் வரதராஜன் சாரும் மற்ற சங்கத்துக்காரர்களும். என்னைப் போன்றவர்களுக்குச் சுவரோரம் நாற்காலி, மடியில் கோப்பு. தலைமை வகித்தவர் ஒரு பெண் அதிகாரி. தீ விபத்துப் பத்தியைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு இணைப்பைப் புரட்டியவர் ஒரு வரியில் நின்றார்.

பழகியிருக்கிறார்கள் என்று யார் சொன்னது, இந்த ஆய்வுக்குப் போனவர் யார் என்று கேட்டார். வரதராஜன் சார் திரும்பாமலே கையால் என்னைக் காட்டினார். எழுந்து நின்றேன். எத்தனை நேரம் கடையில் இருந்தீர்கள், நின்றீர்களா என்று கேட்டார்.

"மூணு மணி வரைக்கும் நின்னேன் மேடம்."

"அப்புறம்?"

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதுதான் என் உத்தியோகமே. ஓய்வுக்குச் சில மாதம்தான் பாக்கி. வரதராஜன் சாரைப் போல எனக்கும் ஒரு நீட்டிப்பு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பி இரண்டு செலவுகள் காத்திருந்தன.

"உக்காந்துட்டேன். கால் வலிச்சுது."

மேசையின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணுக்கு வலிக்கவில்லையா என்று கேட்டார்.

"வலிக்குது மேடம். எனக்கு நாற்காலி போட்டிருந்தாங்க, அவங்களுக்குப் போடல. பழகிடுச்சுன்னு அவங்கதான் சொன்னாங்க. நான் கையைப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் உக்கார வச்சேன். அதுக்காக அவங்களை மாடியிலேர்ந்து குடோனுக்கு அனுப்பிட்டாங்க. அது அறிக்கையில இல்ல."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குடோன் விஷயம் அவருக்கே அப்போதுதான் தெரிகிறது என்று பார்த்த உடனே புரிந்தது. அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு அடுத்த சங்கத்தைப் பேச அழைத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் நானும் வரதராஜன் சாரும். நந்தனம் சிக்னலில் வண்டி நின்றதும் அவர் சொன்னார்: "மூணு மணி வரைக்கும் நின்னேன்னு சொன்னேள் பாருங்கோ, அது நல்ல வாக்கியம். அங்கேயே முற்றுப்புள்ளி வச்சிருக்கணும்." என்னைத் திட்டியது அவ்வளவுதான். நீட்டிப்புக்கான என் விண்ணப்பம் அந்த மாதமே திரும்பி வந்தது. அதில் வட்டம்கூட இல்லை.

மறுநாள் அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். "நம்ம சபை ஆளே நம்ம காலை வாரிட்டியளே மேடம்" என்றார். பிறகு, அந்தப் பெண் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. குமாரி குடோனிலேயே இருந்தாள்.

சட்டத் திருத்தம் வந்தது. என் சாட்சியால் வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது வருவதாகத்தான் இருந்தது; நாங்கள் வேண்டாம் என்று சொன்ன பெரும்பாலானவை வந்துதான் தீர்ந்தன. அன்று மாலையே சபை அதை மனமார வரவேற்றது. அறிக்கையை எழுதியவள் நான். அந்த வருடத்து ஆண்டறிக்கையில் 'சபையின் தொடர் முயற்சியால்' என்று ஒரு வரி வந்தது. அதை எழுதியவள் நான் இல்லை. எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

அடுத்து விழா. சட்டத்தை முன்மாதிரியாக நிறைவேற்றிய கடை என்று அண்ணாச்சியின் கடையில் இருக்கை வழங்கும் நிகழ்ச்சி. பட்டுப் பிரிவில் கவுன்ட்டருக்கு ஒன்றாகப் புது ஸ்டூல்கள். சபைத் தலைவர், வரதராஜன் சார், பத்திரிகைக்காரர்கள். விற்பனைப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அண்ணாச்சியும் தலைவரும் நிற்கிற மாதிரி படம் வேண்டும் என்றார் புகைப்படக்காரர். முதல் பெண் உட்கார்ந்தாள். அண்ணாச்சி பக்கத்தில் வந்ததும் எழுந்துவிட்டாள். இரண்டாமவள் ஸ்டூலின் நுனியில் ஒட்டிக்கொண்டு, கேமரா சொடுக்கும் நேரம் பார்த்து எழுந்தாள். மூன்றாமவளுக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி நிற்கும்போது உட்காருவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நான் அண்ணாச்சியிடம் போனேன். கீழே குடோனில் குமாரி இருக்கிறாள், அவளுக்கு உட்காரத் தெரியும் என்றேன். கள ஆய்வு நடந்த அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார்.

குமாரி தலைமுடியில் நூலும் தூசியுமாக வந்தாள். விஷயத்தைச் சொன்னார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூலில் நன்றாக உட்கார்ந்து, கேமராவைப் பார்த்தாள். படம் ஒரே தடவையில் அமைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். காபி வந்தது. மேற்பார்வையாளர் அவளிடம் போய், போதும், எழுந்து கீழே போ என்றார்.

"கஸ்டமர் வந்தா எய்ந்துக்கறேன் சார்" என்றாள். "அப்டித்தான சட்டம்?"

மேற்பார்வையாளர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். அந்த நேரம் ஒரு தாயும் மகளும், அடையாறிலிருந்து வருகிறோம், கல்யாணப் புடவை பார்க்க வேண்டும் என்று உள்ளே வந்தார்கள். குமாரி எழுந்தாள். மகள் முகத்தை ஒரு பார்வை. அடுக்கிலிருந்து உருவினாள், வீசினாள். அரக்குப் பட்டு அந்தப் பெண்ணின் தோளில் போய் இறங்கியது. தாய் முந்தானையைத் தடவிப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் மூன்று புடவை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் படியிறங்கியதும் குமாரி மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

அன்றோ அதற்குப் பிறகோ அவளை யாரும் கீழே அனுப்பவில்லை. பக்கத்துக் கவுன்ட்டர் பெண் தன் ஸ்டூலைக் காலால் மெல்ல இழுத்தாள். அதற்கு அடுத்தவள் அவளைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை முழுவதும் உட்கார்ந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் போயிருந்தார்கள். அந்த மாடியில் நின்றுகொண்டிருந்தவர்கள் அண்ணாச்சி, மேற்பார்வையாளர், சபைத் தலைவர், வரதராஜன் சார், நான். எங்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.